டி டிரைவ் எங்கள் பாகம்

எனக்கு வாய் நீளம். விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் பட்டறைப் பக்கம் வந்து ரெஜினா எப்படி என்று யாரைக் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். வாய் நீளமாக இருப்பதில் எனக்கு வெட்கம் இருந்ததே இல்லை, போன மாதம் வரைக்கும்.

மாமனார் ஆசீர்வாதம் தவறிய பிறகு பட்டறையை மகன்கள் இருவருக்கும் பாகம் பிரித்தார்கள். மூத்தவர் என் வீட்டுக்காரர் ஜெரோம், அவருக்கு மேற்குக் கொட்டகை. இளையவர் ஜூடுக்குக் கிழக்குக் கொட்டகை. நாங்கள் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற சொரூபங்கள் செய்கிறோம். மாதா, சூசையப்பர், ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் உண்டு. அவர்கள் ஊறுகாய் ஜாடியும் டீ கப்பும் செய்கிறார்கள். சூளையை மட்டும் பிரிக்க முடியவில்லை. இரண்டு வீட்டுச் சரக்கையும் சேர்த்து அடுக்கினால்தான் அது நிறையும், நிறையாத சூளையை எரித்தால் எரிபொருள் தண்டம். ஆகவே சூளை பொது, ஆபீஸ் அறை பொது. அந்த அறையில் இருந்த கம்ப்யூட்டரும் பொது என்று பேச வந்த பெரியவர்கள் சொன்னார்கள்.

நான் விடவில்லை. "பொதுன்னா எப்படிங்க? சொரூபம் வார்க்கிற எங்க அச்சுப் படத்தை எல்லாம் அவங்க பாப்பாங்க. எங்க கடைக்காரங்க நம்பரை எடுத்துக்குவாங்க. அதெல்லாம் சரிப்படாது" என்றேன். ஜூடின் பெண்டாட்டி டெய்சி அங்கேயேதான் எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிரவில்லை. எனக்கும் ஒரு டம்ளர் நிறைய ஊற்றி வைத்தாள்.

ஜங்ஷன் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஆனந்தராஜ்தான் வழி சொன்னான். ஒரே டிஸ்கை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தான். முதலில் சி டிரைவ். அதில் விண்டோஸும் பில் போடுகிற ஆப்பும் இருக்கும், அது பொது. அடுத்தது டி டிரைவ், கடைசியில் இ டிரைவ். மூத்தவருக்குத்தான் முதல் பாகம் என்று சொல்லி டி-யை நான் எடுத்துக்கொண்டேன். டி-க்கு 'ஜெரோம்' என்றும் இ-க்கு 'ஜூடு' என்றும் பெயர் போடச் சொன்னேன். காலையில் கம்ப்யூட்டர் எனக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு டெய்சிக்கு என்று நேரமும் பிரித்தாயிற்று. ஆனந்தராஜ் தலையைச் சொறிந்துகொண்டு, "நான் நிறைய பேருக்கு டிஸ்கு பிரிச்சிருக்கேன். பத்திரம் எழுதுற மாதிரி பிரிச்சது உங்களுக்குத்தாங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து நான் டி டிரைவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். வேண்டாததை அதில் வைக்கமாட்டேன். சர்ச் திருவிழாவில் எடுத்த தேர் வீடியோ, பிள்ளைகள் ஆடிய ஆட்டம், எங்கள் தெரு ஜெபக் கூட்டமான அன்பியத்துப் பெண்கள் அனுப்புகிற வாழ்த்துப் படம் எல்லாவற்றையும் போனிலிருந்து இறக்கித் திரையிலேயே, டெஸ்க்டாப்பிலேயே போட்டுவிடுவேன். அது மேஜையின் மேற்பரப்பு மாதிரிதானே, யார் கணக்கிலும் வராது என்று நினைத்திருந்தேன். டி-யில் பட்டறைச் சமாச்சாரம் மட்டும்தான். ஒவ்வொரு அச்சையும் நாலு பக்கமும் படம் எடுத்து, அளவு எழுதி வைத்த ஃபோல்டர்தான் அதில் உயிர். அச்சு தேய்ந்தாலோ உடைந்தாலோ அதைப் பார்த்துத்தான் புதிதாக எடுக்கவேண்டும்.

போன வருஷம் ஒரு நாள் அந்த ஃபோல்டரை நானே கைதவறி அழித்துவிட்டேன். குப்பைக்கூடையிலும் இல்லாமல் ஒரேயடியாகப் போய்விட்டது. ஆபீஸ் அறையிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். காணாமல் போனதைக் கண்டெடுத்துத் தருகிறவர் அந்தோனியார்தானே? வீட்டுக்குப் போய் அவருக்கு மெழுகுதிரி ஏற்றி, ரொட்டி கொடுப்பதாக நேர்ந்துகொண்டேன். மறுநாள் காலை வந்து திறந்தால் ஃபோல்டர் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் செவ்வாய்க்கிழமை கூடி ஜெபிக்கிற அன்பியத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். எல்லோருக்கும் அந்தோனியார் ரொட்டி கொடுத்தேன். டெய்சியும் வந்திருந்தாள். இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டாள், ஆமென் சொன்னாள். இந்தச் சாட்சியை நான் மங்கலம்பேட்டைச் சொந்தக்காரர்கள் வரைக்கும் போனில் சொல்லியிருக்கிறேன்.

டெய்சி மேல் எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்துகொண்டே இருந்தது. அவள் இடுப்புச் சாவிக்கொத்தில் ஒரு பென்டிரைவ் தொங்கும். கம்ப்யூட்டரில் உட்காரும்போது அதைச் செருகுவாள், எழும்போது பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வாள். தனக்கென்று இ டிரைவ் முழுசாக இருக்கும்போது இவளுக்கு எதற்கு அது? எங்களுடையதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறாள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஜெரோமிடம் சொன்னால், "உனக்கு வேற வேலை இல்லையா ரெஜினா" என்பார். அவருக்குத் தம்பி என்றால் கண் தெரியாது.

இந்த வருஷம் மழை பிடித்த சமயம் டெய்சிதான் முதலில் சொன்னாள். "அக்கா, சி டிரைவு செவப்பா காட்டுது. எடம் இல்ல. பில்லு ஆப்பு அப்டேட் கேட்டுக்கிட்டே இருக்குது, பண்ண முடியல" என்றாள். ஆனந்தராஜுக்குப் போன் போட்டோம். சி-யை நீட்டவேண்டுமானால் அதை ஒட்டியிருக்கிற டி-யிலிருந்துதான் இடம் எடுக்கவேண்டும் என்றான். டி-யில் இருப்பதை வேறு இடத்தில் வைத்துவிட்டு, அதை அழித்து, சி-யைப் பெரிசாக்கி, மிச்சத்தில் டி-யைச் சின்னதாகப் போடவேண்டுமாம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அதென்ன, எங்க பாகத்துல இருந்துதான் எடுக்கணுமா? அந்தக் கடைசியில சும்மா கெடக்குதே, அதுல எடு."

"அது டி-க்கு அந்தாண்ட இருக்குதுங்க அக்கா. நடுவுல நீங்க இருக்கீங்க. பாதையை அகலம் பண்ணணும்னா பாதையை ஒட்டி இருக்கிறவங்ககிட்டதானே கேக்க முடியும்?" என்றான்.

ஜூடு பக்கத்தில்தான் நின்றிருந்தார். "எங்களுதுல எடுக்க முடிஞ்சா எடுத்துக்கச் சொல்லுங்க அண்ணி" என்றார். "எடுக்க முடியாததைக் குடுக்கிறதுக்கு யாருக்குத்தான் மனசு வராது" என்று நான் வெடுக்கென்று சொன்னேன். அவர் முகம் தொங்கிப்போனது. பேச்சு அதோடு நின்றது. அதற்குப் பிறகு ஆப் திறக்கும்போதெல்லாம் அப்டேட் கேட்கும். 'பிறகு' என்று ஒரு பட்டன் இருந்தது, அதை அமுக்கிவிட்டுப் பில் போடுவேன். சி-யை ரொப்பியது அவர்கள், அவர்களே காலி பண்ணட்டும் என்று வீம்பாக இருந்தேன்.

இனிமேல்தான் அந்த நாள். திருச்சியில் சர்ச் பொருள் விற்கிற பெரிய கடை ஒன்றில் நானே பேசி வாங்கிய ஆர்டர் அது. இத்தனை வருஷத்தில் என் வாய் சம்பாதித்துக் கொடுத்தது அது ஒன்றுதான் என்று ஜெரோம் கேலி செய்வார். ஈஸ்டர் முடிந்த கையோடு அச்சு வார்க்க ஆரம்பித்து, கொட்டகை கொள்ளாமல் குடில் செட் செய்து அடுக்கியிருந்தோம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முன்னால் சரக்கு கடையில் இருக்கவேண்டும். "இன்னைக்குச் சாயங்காலம் வரலேன்னா நாங்க வேற ஆளுகிட்ட எடுத்துக்குறோம்மா" என்று கடைக்காரர் காலையிலேயே சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸ் போனபிறகு மாட்டையும் ஒட்டகத்தையும் யார் வாங்குவார்கள்? வருஷம் பூராவும் பட்ட பாடு கொட்டகையிலேயே கிடக்கும்.

எங்கள் கொட்டகையில் வேலை பார்க்கிற பாஞ்சாலையும் நானும் வைக்கோல் வைத்துப் பெட்டிகளைக் கட்டி முடித்தோம். மினி லாரியில் ஏற்றியாயிற்று. பில் இல்லாமல் வண்டியை எடுக்கமாட்டேன் என்று டிரைவர் டீக்கடைக்குப் போனார். நான் வந்து ஆப்பைத் திறந்தேன். 'பிறகு' பட்டனைக் காணோம். அப்டேட் செய்தால்தான் இனி பில் என்று வந்தது. அப்டேட்டை அமுக்கினால் சி டிரைவில் இடம் இல்லை என்று வந்தது. திரும்பத் திரும்ப அமுக்கினேன். கடைசியில் ஆனந்தராஜுக்குப் போன் போட்டேன்.

ஆனந்தராஜ் பைக்கில் வந்து சேர்ந்தபோது நான் வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருந்தேன். பொது இடத்தில் குப்பை கொட்டினால் இப்படித்தான் ஆகும், மதியம் உட்காருகிறவர்களுக்குப் பொறுப்பு வேண்டும் என்று சுவரைப் பார்த்துச் சொல்கிற மாதிரி டெய்சிக்குச் சொன்னேன். அறை வாசலில் ஜெரோமும் ஜூடும் நின்றிருந்தார்கள். பாஞ்சாலை வைக்கோலைத் தட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். சண்டை என்றால் அவளுக்குக் காபி மாதிரி.

ஆனந்தராஜ் சி டிரைவுக்குள் போய் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "அக்கா, இந்தத் தேர் வீடியோ எல்லாம் யாருது?"

"என்னுதுதான். அது சும்மா வெளியில, டெஸ்க்டாப்புல கெடக்குது. அதுக்கு என்ன?"

"டெஸ்க்டாப்புன்னா அதுவே சி தாங்க அக்கா. சி-யை ரொப்பினதே இதுதான்."

ஜன்னல் பக்கமிருந்து பாஞ்சாலை "அட" என்றாள். என் முகம் எரிந்தது. அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். நான் அப்படிப்பட்ட பிறவி இல்லை. "சரி, தெரியாம போட்டுட்டேன். இப்ப அதை எங்க வெக்கிறது? டி-யில எடம் பத்தாது. இ சும்மாதானே கெடக்குது, அதுல தள்ளு" என்றேன்.

டெய்சி சட்டென்று முன்னால் வந்தாள். "இ வேணாங்க. அதுவும் ரொம்பிக் கெடக்குது. பென்டிரைவுல எடுத்துக்கலாம்" என்றாள்.

அந்த 'வேணாங்க' எனக்குப் போதுமானதாக இருந்தது. டீ கப்பும் ஜாடியும் செய்கிறவர்களுக்கு ஒரு டிரைவ் நிரம்புகிற அளவுக்கு என்ன இருக்கிறது? "தெற" என்றேன் ஆனந்தராஜிடம். அவன் டெய்சியைப் பார்த்தான். "தெறடா" என்று கத்தினேன்.

இ டிரைவில் ஒரே ஒரு ஃபோல்டர் இருந்தது. அதன் பெயர் 'ரெஜினாக்கா'. அதற்குள் மாசத்துக்கு ஒன்றாக வரிசையாக ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்றைத் திறந்தால் என் அச்சுப் படங்கள், என் அளவுகள், என் கடைக்காரர்களின் பெயர்கள், என் டி டிரைவ் மொத்தமும் அப்படியே இருந்தது.

"பாத்தீங்களா?" என்று ஜெரோமைப் பார்த்துக் கூவினேன். "நான் சொன்னப்ப வேற வேலை இல்லையான்னு கேட்டீங்களே. கையும் களவுமா மாட்டிக்கிச்சு பாருங்க. திருடி. ஒரே சூளையில சரக்கை அடுக்கிட்டு, என் பொழப்பைத் திருடி வெச்சிருக்கா. அந்தப் பென்டிரைவைக் குடுடி. அதுல எதையெல்லாம் கொண்டுபோய் யாருக்கு வித்தேன்னு பாக்கலாம்."

ஜூடு ஒரு அடி எடுத்து வைத்தார். டெய்சி அவரைக் கையமர்த்திவிட்டு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். பென்டிரைவைக் கழற்ற அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஆனந்தராஜ் அதைச் செருகினான். அதில் ஜாடிக் கணக்கு, டீ கப் பில்கள், அவர்கள் பிள்ளை சர்ச்சில் முதல் நன்மை வாங்கியபோது எடுத்த படங்கள். அவ்வளவுதான். எங்களுடையது ஒன்றுகூட இல்லை.

"என்ன இது?" என்றேன். குரல் அப்போதே இறங்கிவிட்டது.

ஆனந்தராஜ்தான் பதில் சொன்னான், திரையைப் பார்த்தபடியே. "பேக்கப்புங்க அக்கா. டிஸ்கு பிரிச்ச அன்னைக்கு ரெண்டு பேருக்கும் சொன்னேன், மாசம் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோங்கன்னு. உங்களுக்கு நேரம் இல்லன்னு சொல்லிட்டீங்க. இவங்க உங்களுக்கும் சேத்து எடுத்திருக்காங்க. அதுல இவங்க பாகம் ரொம்பிப்போச்சு. இவங்களுதை வெக்க எடம் இல்லாம பென்டிரைவுல வெச்சிருக்காங்க."

பாஞ்சாலை ஜன்னலை விட்டுப் போய்விட்டாள். வேடிக்கை முடிந்துவிட்டது என்று அவளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"எதுக்கு எடுத்தே?" என்றேன்.

"உங்களுது அழிஞ்சா உங்க கொட்டகையில வேலை நின்னுடும். உங்க சரக்கு இல்லாம சூளை ரொம்புமா? எங்களுதும்தானே நிக்கும்" என்றாள் டெய்சி. குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை இன்னும் கொன்றது.

அப்போதுதான் இன்னொன்று மண்டையில் உறைத்தது. "போன வருஷம் காணாமப் போச்சே, அச்சுப் படம். மறுநாள் வந்துடுச்சே" என்று இழுத்தேன்.

டெய்சி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "நீங்க அன்னைக்கு அழுதுட்டு வூட்டுக்குப் போயிட்டீங்க. மத்தியானம் என் மொறதானே? உக்காந்து காப்பி பண்ணி வெச்சேன். காலையில சொல்லலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள நீங்க தெரு முழுக்க அந்தோனியார்னு சொல்லிட்டீங்க. அப்புறம் நான் எப்படிங்க சொல்றது?"

"அன்பியத்துல ஆமென்னு சொன்னியே."

"ரொட்டியும்தான் ரெண்டு வாங்கிக்கிட்டேன். எனக்குச் சேர வேண்டியது வந்துடுச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள். லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். ஜூடு சிரிக்கவில்லை. ஜெரோம் தம்பியின் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே போய் லாரியின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இறுக்கமாகக் கட்டிய கயிறு அது.

தேர் வீடியோவை எல்லாம் அழித்துவிடு என்று ஆனந்தராஜிடம் சொன்னேன். டெய்சிதான் தடுத்தாள். "பசங்க ஆடினது எல்லாம் அதுலதானே இருக்குது, வேணாங்க" என்று சொல்லி, இ டிரைவில் இருந்த பழைய மாசத்துக் காப்பிகளை அழித்துக் கடைசிக் காப்பியை மட்டும் வைத்துக்கொண்டாள். காலியான இடத்துக்கு என் வீடியோக்களை நகர்த்தினாள். அவள் பாகத்தில் மறுபடியும் என் சாமான்தான். எல்லாம் ஒரே டிஸ்கில் இருப்பது ஆபத்து, டிஸ்க் கெட்டால் மூன்றும் சேர்ந்து போய்விடும், வெளியில் தனியாக ஒன்று வாங்கி வையுங்கள் என்று ஆனந்தராஜ் சொல்லிக்கொண்டிருந்தான். நான் மண்டையை ஆட்டினேன். எதுவும் காதில் ஏறவில்லை.

சி டிரைவ் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறியது. அப்டேட் ஓடியது. பில் போட நான் உட்கார்ந்தேன், எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. டெய்சி என் தோளைத் தொட்டு எழுப்பி, தான் உட்கார்ந்து போட்டாள். மாதா, சூசையப்பர், ஆடு, மாடு, ஒட்டகம் என்று அவள் கேட்கக் கேட்க நான் எண்ணிக்கை சொன்னேன். அவளைத் திருடி என்று கூப்பிட்ட அதே வாயால்தான் சொன்னேன். டிரைவர் பில்லை வாங்கிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் திருச்சியிலிருந்து சரக்கு வந்துவிட்டது என்று கடைக்காரர் பேசினார், ஒரு ஒட்டகத்தின் காதுகூட உடையவில்லையாம். அந்த ஆர்டரைப் பிடித்த நாளில் துள்ளிக் குதித்தவள் நான். இப்போது "சரிங்கண்ணே" என்று போனை வைத்தேன்.

டெய்சி மறுநாளும் வந்தாள், எப்போதும் போலப் பேசினாள். நான்தான் அவள் வருகிற நேரம் பார்த்துக் கொட்டகைப் பக்கம் போய்விடுவேன். ஒருமுறை அவள் இடுப்பில் பென்டிரைவ் ஆடுவதைப் பார்த்துவிட்டு, மண்ணைக் கரைத்துக்கொண்டே அழுதேன். பாஞ்சாலை கண்டும் காணாத மாதிரி இருந்தாள். சண்டையை நாலு பேரிடம் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. ஆனால் இதை எங்கேயும் சொன்னதாகக் காதில் விழவில்லை. டெய்சி சொல்லவேண்டாம் என்று சொல்லியிருப்பாள்.

அடுத்த செவ்வாய் அன்பியம் எங்கள் வீட்டு முறை. சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததற்கு நன்றியாக ரொட்டி வாங்கி வைத்திருந்தேன். வந்த பெண்கள் பாயில் உட்கார்ந்தார்கள், டெய்சி சுவர் ஓரமாக. ஜெபம் முடிந்ததும் அன்பியத் தலைவி விமலாராணி, "ரெஜினா, இந்தத் தடவை என்ன சாட்சி?" என்று கேட்டார்.

எழுந்து நின்றேன். போன வருஷம் நான் சொன்ன சாட்சி தப்பு என்றேன். அந்த ஃபோல்டரைத் திருப்பி வைத்தது டெய்சி, மாதாமாதம் எனக்காகக் காப்பி எடுத்தது டெய்சி, தன் சாமானுக்கு இடமில்லாமல் என் சாமானை வைத்துக்கொண்டிருந்தது டெய்சி, இந்தத் தடவை பில் போட்டு லாரியை அனுப்பியதும் அவள்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அடுத்து சொல்லவேண்டியது ஒன்று இருந்தது. அதற்காகத்தான் எழுந்தேன்.

அதற்குள் விமலாராணிக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுல தப்பு என்ன இருக்குதும்மா? அந்தோனியார் தானா வந்து கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருவாரா? டெய்சி கையால செஞ்சிருக்காரு. ரெண்டு மருமகளும் இப்படி ஒத்துமையா இருக்கிறதே சாட்சிதான்" என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். டெய்சியும் சொன்னாள்.

திருடி என்று நான் சொன்னதைக் கேட்டவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை, அவளைத் தவிர. வாய் நீளம் என்று பெயர் எடுத்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். டெய்சி தன் ரொட்டியைப் பிய்த்துப் பெரிய பாதியை என் கையில் வைத்தாள். வாங்கிக்கொண்டேன், விழுங்கத்தான் முடியவில்லை.